‘கூறினார்’ என்பதா, ‘மறுத்தார்’ என்பதா? விக்கிப்பீடியாவின் சான்றுச் சண்டைகள்

“அந்த நிலத்தை வாங்கியது தாம் இல்லை என்று அமைச்சர் கூறினார்.” இந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘மறுத்தார்’ என்று போட்டால் ஒரு குற்றச்சாட்டு நிற்பது தெரிகிறது. ‘சாதித்தார்’ என்றால் பொய் சொல்கிறார் என்ற வாடை வந்துவிடுகிறது. ‘தெளிவுபடுத்தினார்’ என்றால் விவகாரமே முடிந்துபோகிறது. அமைச்சர் சொன்னது ஒன்றுதான். எழுதுகிறவர் வழங்கும் தீர்ப்பு நான்கு விதம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் ‘கூறினார்’ என்பதை ‘மறுத்தார்’ என்று மாற்றிச் சேமித்தால், பக்க வரலாற்றில் பச்சை நிறத்தில் +3 என்று ஒரு சிறு எண் விழும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முதல் சொல்லில் 8 குறிகள், இரண்டாவதில் 9. மேலோட்டமாகப் பார்ப்பவர் யாரோ எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறார் என்று கடந்துவிடுவார். ஆயிரம் பைட் சேர்க்கும் தொகுப்பு (கட்டுரையில் ஒருவர் செய்து சேமிக்கும் மாற்றம்) கிளப்பாத சண்டையை இந்த +3 கிளப்பிவிடும். அதனால்தான் பழகிய தொகுப்பாளர்கள், தாங்கள் தொடரும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் சின்ன எண்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இவை கட்சிச் சண்டை, சாதிச் சண்டை, நாட்டுச் சண்டை. உள்ளே போனால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எந்த நூல், எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் உண்மையில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு இரு தரப்பும் வந்துவிட்டால் வாரக்கணக்கில் ஓடிய சண்டை ஒரு மாலையில் முடிவதுண்டு. வராவிட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

ஆளை நம்பாத ஏற்பாடு

2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோது, அது நியூப்பீடியா என்ற வேறொரு இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் துணையாகத்தான் வந்தது. நியூப்பீடியாவில் துறை வல்லுநர்கள் எழுதி, ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டினால்தான் ஒரு கட்டுரை வெளியாகும். அப்படித் தேறி வந்த கட்டுரைகள் மிகச் சில. விக்கிப்பீடியா கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. திறந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. எழுதுகிறவர் பேராசிரியரா, பள்ளி மாணவரா, கட்டுரையில் வரும் நிறுவனத்தின் ஊழியரா என்று யாருக்கும் தெரியாது. எழுதுகிறவரின் தகுதியைச் சோதிக்க வழியில்லாத இடத்தில், அவர் காட்டும் ஆதாரத்தைத்தான் சோதிக்க முடியும். நடுநிலை நோக்கு, சரிபார்க்கத்தக்க தன்மை, சொந்த ஆய்வு கூடாது என்ற மூன்று அடிப்படை விதிகளும் இந்தத் தேவையைச் சுற்றி நிற்பவை.

‘நான் அந்த ஊர்க்காரன், எனக்குத் தெரியாதா?’ என்ற வாதம் அங்கே எடுபடாததற்கும் இதுவே காரணம். 2012இல் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத்துக்கே இது நடந்தது. அவருடைய நாவல் ஒன்றின் நாயகன் இன்னாரை மனத்தில் வைத்துப் படைக்கப்பட்டவன் என்ற கருத்து ஆங்கிலக் கட்டுரையில் இருந்தது. அது தவறு என்று அவர் தரப்பில் திருத்த முயன்றபோது, ஆசிரியரே சொன்னாலும் வெளியான வேறொரு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. அவர் நியூயார்க்கர் இதழின் தளத்தில் ஒரு திறந்த மடலாக அதை எழுதினார். பிறகு அந்த மடலே மேற்கோளாகிக் கட்டுரைக்குள் வந்தது. இதை அபத்தம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஆனால் கணக்கின் பின்னால் இருப்பவர் ராத்தான் என்பதற்கு அன்றைக்கு என்ன உறுதி இருந்தது? தவிர, திறனாய்வாளர்கள் அந்த ஒப்புமையை அச்சில் எழுதியிருந்ததும் உண்மை. ஆசிரியர் மறுத்ததால் அவர்கள் எழுதியது எழுதாததாகிவிடாது. இரண்டையும் யார் சொன்னது என்று காட்டி எழுதுவதே சரியான முடிவு. அதில்தான் வந்து நின்றது.

‘உண்மையா என்பது கேள்வியில்லை, சரிபார்க்க முடியுமா என்பதே கேள்வி’ என்ற பொருளில் ஒரு தொடர் ஆங்கில விதிப் பக்கத்தின் முகப்பில் பல ஆண்டுகள் இருந்தது. பொய்யென்று தெரிந்த ஒன்றையும் ‘சான்று இருக்கிறதே’ என்று நுழைக்கச் சிலர் அதைப் பயன்படுத்தினார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2012இல் அந்தத் தொடர் முகப்பிலிருந்து இறக்கப்பட்டது. விதியின் சாரம் மாறவில்லை. சான்று இருப்பது உள்ளே வருவதற்கான முதல் படி. வந்தே தீர வேண்டும் என்ற உரிமை அதனால் கிடைத்துவிடாது.

எது சான்று, எதற்குச் சான்று

புதியவர்கள் செய்யும் முதல் பிழை, ‘இந்த நாளிதழ் நம்பத்தக்கதா?’ என்று பொதுவாகக் கேட்பது. நம்பகம் நாளிதழுக்கு மொத்தமாக ஒட்டப்படும் முத்திரை இல்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது. தேர்தல் முடிவுக்குச் சான்றாகும் அதே நாளிதழ், ஒரு மூலிகை புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்றாகாது. மருத்துவக் கூற்றுகளுக்குத் தனியொரு ஆய்வுக் கட்டுரைகூடப் போதாது. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் மறுஆய்வுக் கட்டுரை வேண்டும்.

அப்படியும் சில வெளியீடுகள் திரும்பத் திரும்பச் சண்டைக்கு வந்ததால், ஆங்கில விக்கிப்பீடியா மொத்த முடிவுகளையும் எடுத்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் பிரிட்டனின் டெய்லி மெயில் நாளிதழை, பொதுவாக நம்பத்தகாதது என்று ஒதுக்கியது பெரிய செய்தியானது. பிறகு இந்த முடிவுகளையெல்லாம் ஒரே பட்டியலாக்கினார்கள். இந்தியத் தளங்களான ஆப்இந்தியாவும் சுவராஜ்யாவும் 2020இல் விலக்கப்பட்டவை. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வெளியீடு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது மட்டுமே அதை ஒதுக்கப் போதுமான காரணம் இல்லை. தவறு செய்தால் திருத்தம் வெளியிடுகிறதா, செய்தியைச் சரிபார்க்கும் ஆசிரியர் குழு இருக்கிறதா, இல்லாததை எழுதியிருக்கிறதா என்பவை எடைபோடப்படுகின்றன. சாய்வுள்ள இதழை, ‘இன்ன இதழின்படி’ என்று பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம். பொய் எழுதும் இதழைப் பெயர் சொல்லியும் பயன்படுத்த முடியாது.

இந்திய நாளிதழ்களைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. 2009 தேர்தலின்போது காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்ட விவகாரம் வெடித்து, பத்திரிகை மன்றமே 2010இல் அறிக்கை கொடுத்தது. அதன் நிழல் இன்றும் திரைப்பட நடிகர்கள், கல்லூரி நிறுவனர்கள், தொழிலதிபர்கள் பற்றிய கட்டுரைகளில் விழுகிறது. அடையாளம் காண்பது கடினமில்லை. மூன்று தளங்களில் வந்த செய்திகளை அருகருகே வைத்தால் ‘சமூகத்துக்குத் தம்மை அர்ப்பணித்த’ என்ற அதே தொடர், அதே வரிசை, அதே படம். எழுதியவர் பெயர் இருக்காது. இருந்தால் ‘எமது நிருபர்’. இவை மூன்று சான்றுகள் ஆகா. ஓர் அறிக்கையின் மூன்று நகல்கள். அடைப்புக்குறிக்குள் [1][2][3][4][5] என்று ஒரே வரிக்கு ஐந்து மேற்கோள் அடுக்கியிருந்தால் அந்த வரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உறுதியான ஒரு சான்று இருந்தால் ஐந்துக்கு அவசியம் வருவதில்லை.

பழைய நூல் என்பதாலேயே ஒரு நூல் கனமானதாகிவிடாது. சாதி பற்றிய பக்கங்களில் எட்கர் தர்ஸ்டன் 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் அடிக்கடி மேற்கோளாக வந்து விழும். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதுபோன்ற காலனியக் கால நூல்களைச் சாதி வரலாற்றுக்குச் சான்றாக ஏற்பதில்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நினைவுபடுத்த வேண்டும். அதன் ஆணையரான ரிஸ்லி அதில் சாதிகளைச் சமூக மதிப்பின்படி மேல் கீழாக அடுக்க முற்பட்டார். உடனே ஒவ்வொரு சாதியும் தன்னை மேலே ஏற்றச் சொல்லி மனு மேல் மனு போட்டது. அந்தச் சூழலில் தகவலாளிகள் சொன்னதையும் மனுக்களில் இருந்ததையும் அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். அதை ஒரு சமூகத்தின் வரலாறு என்று இன்றைக்கு எடுத்துவைப்பது, மனுதாரரின் மனுவையே தீர்ப்பாகப் படிப்பது போல. அன்று மக்கள் தம்மைப் பற்றி என்ன உரிமை கோரினார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. எதற்குச் சான்று என்பதைப் பிரித்துப் பார்த்தால் போதும். இந்தப் பக்கங்களில் புதுக் கணக்குகள் படையெடுத்து வருவதால், பலவற்றை 30 நாளும் 500 தொகுப்பும் நிரம்பாத கணக்குகள் தொட முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள்.

இலங்கைப் போர் பற்றிய பக்கங்கள் வேறொரு பாடம். போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆங்கில விக்கிப்பீடியாவில் சிங்கள, தமிழ்த் தொகுப்பாளர்களும் வெளியாரும் சேர்ந்து நல்லிணக்கத்துக்கென்றே ஒரு திட்டப் பக்கம் தொடங்கினார்கள். தமிழ்நெட் என்ற செய்தித் தளத்தை முற்றிலும் ஒதுக்கச் சொன்னது ஒரு தரப்பு. பாதுகாப்பு அமைச்சின் தளத்தை ஒதுக்கச் சொன்னது மறுதரப்பு. போர்க்களத்துக்குள் வேறு செய்தியாளர்கள் போகவே முடியாத நாள்களில் இரண்டையும் தள்ளினால் எழுத எதுவுமே மிஞ்சாது. அவர்கள் கண்ட வழி: இரண்டையும் பயன்படுத்தலாம், ஆனால் வாக்கியத்திலேயே அது எந்தச் சார்புடைய தளம் என்று சொல்லிவிட வேண்டும், அடைமொழியின்றி விக்கிப்பீடியாவின் சொந்தக் குரலில் எழுதக் கூடாது. விக்கிப்பீடியா வரலாற்றில் இது மதிக்கத்தக்க முயற்சி. ஒருவரையொருவர் நம்பாத மனிதர்கள், எதை நம்ப முடியாது என்பதை எப்படி எழுதலாம் என்பதில் உடன்பட்டார்கள்.

நடுநிலை என்பது நடுவில் நிற்பதல்ல

‘இரு தரப்பையும் சமமாகப் போடுங்கள்’ என்பதுதான் நடுநிலை என்று பலர் நினைக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. நம்பத்தக்க வெளியீடுகளில் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ, அந்த அளவுக்குக் கட்டுரையிலும் இடம். பூமி தட்டையானது என்பவர்களுக்குப் பூமி கட்டுரையில் பாதிப் பங்கு கிடையாது. ஆனால் ஆய்வாளர்களே பிரிந்து நிற்கும் இடத்தில் ஒரு தரப்பை ‘உண்மை’ என்றும் மற்றதை ‘சிலரின் கருத்து’ என்றும் எழுதினால் அதுவும் மீறல்தான்.

கீழடியை வைத்து இதைப் பார்க்கலாம். ‘கீழடி 2,600 ஆண்டுகள் பழமையான நகர நாகரிகம்’ என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் அதை எடுத்துவிட்டு ‘கீழடியின் காலம் சர்ச்சைக்குரியது’ என்று போடுகிறார். இரண்டுமே மோசமான வாக்கியங்கள். முதலாவது, ஓர் அடுக்கின் காலத்தை முழுக் களத்துக்கும் ஏற்றிவிடுகிறது. இரண்டாவது, யார் எதை ஏன் மறுக்கிறார்கள் என்று சொல்லாமல் சந்தேகத்தை மட்டும் தூவுகிறது. கிடைக்கும் விவரங்கள் இவை: தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் 2019 அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 580 என்பதைக் கொண்டு, அங்குள்ள பண்பாட்டுப் படிவை கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது. முதல் இரண்டு கட்டங்களை அகழ்ந்த அமர்நாத் இராமகிருஷ்ணா, 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்த 982 பக்க அறிக்கை, தொடக்கக் கட்டத்தை கி.மு. 8 முதல் 5ஆம் நூற்றாண்டுவரை என்கிறது. 2025 மே மாதம் அத்துறை, காலக்கணிப்பு உள்ளிட்டவற்றைத் திருத்தித் தரக் கேட்டது. அவர் தம் முடிவில் நின்றார். இப்படி யார், எந்த ஆண்டு, எதன் அடிப்படையில் என்று மூன்றையும் வைத்து எழுதினால் ‘சர்ச்சைக்குரிய’ என்ற சொல்லே தேவைப்படாது. வாசகர் தாமே பார்த்துக்கொள்வார். அறிக்கையை நேரில் பார்க்காமல் செய்தித்தாள் வழியாக மட்டும் அறிந்தவர், செய்தித்தாளைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். அறிக்கையின் பெயரைப் போடக் கூடாது. இந்த ஒழுங்கு தவறும் இடங்கள் ஏராளம்.

இதே பத்தியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘மத்திய அரசு’ என்பதா, ‘ஒன்றிய அரசு’ என்பதா? 2021க்குப் பிறகு தமிழில் இந்தச் சொல்லே ஒரு நிலைப்பாடாகிவிட்டது. எதைப் போட்டாலும் யாராவது ஒருவர் மாற்ற வருவார். துறையின் பெயரை மட்டும் சொல்லி வாக்கியத்தைக் கட்டினால் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை, மேலே செய்திருப்பது போல.

தமிழுக்கே உரிய நடுநிலைச் சிக்கல்கள் வேறு சிலவும் உண்டு. ஆங்கிலத்தில் வினைமுற்று மரியாதை காட்டாது. தமிழில் காட்டியே தீரும். ‘சோழ மன்னன் படையெடுத்தான்’, ‘பாண்டியர் படையெடுத்தார்’ என்று ஒரே கட்டுரையில் இரு மன்னர்களுக்கு இரு விகுதி வந்தால் எழுதியவரின் சாய்வு அங்கே வெளிப்பட்டுவிடும். தலைவர்களின் பெயருக்கு முன்னால் வரும் பட்டங்கள், பின்னால் வரும் ‘அவர்கள்’, இறப்பைச் சொல்லும்போது ‘இறந்தார்’, ‘காலமானார்’, ‘மறைந்தார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘வீரச்சாவு அடைந்தார்’ என்ற தேர்வு, எல்லாமே எடை ஏற்றிய சொற்கள். கலைக்களஞ்சிய நடைக்கு ‘இறந்தார்’ போதும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு திருத்துபவரிடம், எல்லோருக்கும் அதே சொல்தான் என்று மற்றக் கட்டுரைகளைக் காட்டி விளக்கினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். காட்ட முடியாதபடி மற்றக் கட்டுரைகளில் ஆளுக்கொரு விதமாக இருந்தால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மூன்றும் ஒன்றும் நான்கு

ஒரு சண்டையின் நடைமுறையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஓர் ஊர்க் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். ‘இவ்வூர்ச் சிவன் கோயில் 2,000 ஆண்டுகள் பழமையானது’ என்று ஒருவர் சேர்க்கிறார். மேற்கோள், கோயில் வாசலில் உள்ள பலகையின் படம். இன்னொருவர், ‘கிடைத்துள்ள கல்வெட்டுகள் 11ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவை அல்ல’ என்று சுருக்கம் எழுதி அதை நீக்குகிறார். இதுவரை தவறே இல்லை. துணிந்து எழுதுவது, ஏற்காதவர் முந்தைய வடிவத்துக்கு மீளமைப்பது, பிறகு உரையாடல் பக்கத்தில் பேசுவது என்பதே எதிர்பார்க்கப்படும் வரிசை. முதலாமவர் பேசாமல் மறுபடி சேர்க்கிறார். அந்த நொடியில் அது தொகுத்தல் போர்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு எண்ணிக்கை வைத்த விதி உண்டு: ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் 3 முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது. நான்காவது விழுந்தால் தடை. ஒரே வரியைத்தான் மாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பக்கத்தில் எந்தப் பகுதியில் யாருடைய வேலையை நீக்கினாலும் கணக்கில் சேரும். 24 மணி நேரம் கழிந்து 10 நிமிடத்தில் நான்காவது மீளமைப்பைச் செய்பவர் தப்பிவிட்டதாக நினைப்பார். மூன்று என்பது உரிமையாகக் கொடுத்த ஒதுக்கீடு அல்ல. போர் நடக்கிறது என்று நிருவாகி கருதினால் இரண்டிலேயே தடுக்கலாம். தெளிவான விசமத் தொகுப்பை நீக்குவது கணக்கில் வராது. ஆனால் தமக்குப் பிடிக்காத கருத்தையெல்லாம் ‘விசமம்’ என்று எழுதி நீக்குவது வழக்கமான பிழை. அது விலக்குப் பெறாது. எதிர்த்தரப்பின் கோபத்தை மட்டும் கூட்டும்.

கோயிலுக்குத் திரும்புவோம். இங்கே இருவருமே ஒரு தவறு செய்கிறார்கள். பலகை, கோயில் நிருவாகம் தன்னைப் பற்றித் தானே சொல்வது. வரலாற்றுக் காலத்துக்கு அது சான்றாகாது. ஆனால் ‘பழைய கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டு, ஆகவே கோயில் 11ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது’ என்று இரண்டாமவர் எழுதினால் அதுவும் நிற்காது. முதல் கல்வெட்டுக்கு முன்பே கோயில் இருந்திருக்கலாம். பழைய செங்கல் கோயிலைக் கற்றளியாக்கிய பிறகு கல்வெட்டு வெட்டியிருக்கலாம். இரண்டு உண்மைகளைச் சேர்த்து எந்த நூலும் சொல்லாத மூன்றாவது முடிவை எடுப்பதைத்தான் சொந்த ஆய்வு என்று விதி தடுக்கிறது. கல்வெட்டைத் தாமே படித்துப் பொருள் சொல்வதும் அதில் அடங்கும். இறுதியில் நிற்கக்கூடிய வடிவம் இப்படி இருக்கும்: தலபுராணம் இன்னவாறு கூறுகிறது என்று ஒரு வாக்கியம், இக்கோயிலில் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளில் பழையது இன்ன மன்னனின் இன்ன ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று இன்னொரு வாக்கியம், கல்வெட்டுத் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் காட்டி. இரண்டுக்கும் நடுவில் ‘ஆனால்’ வேண்டாம். அந்த ஒரு சொல், முன்னது பொய் என்று விக்கிப்பீடியாவே சொல்வதாக்கிவிடும்.

பேச்சில் முடியாவிட்டால் படிகள் இருக்கின்றன. சண்டை இருவருக்குள் மட்டும் என்றால் மூன்றாவது ஒருவரிடம் கருத்துக் கேட்கலாம். சான்று பற்றியது என்றால் சான்றுகளுக்கான அறிவிப்புப் பலகை எனப்படும் பொது விவாதப் பக்கம்; எடை பற்றியது என்றால் நடுநிலைக்கான பலகை. அடுத்தது பொதுக் கருத்துக் கோரல், வழக்கமாக 30 நாள் திறந்திருக்கும். அங்கே தலைகளை எண்ணுவதில்லை. வாதங்களை எடைபோட்டு ஒருவர் முடித்துவைப்பார். ஆகவே நண்பர்களை அழைத்துவந்து ‘ஆதரவு’ என்று எழுதச் சொல்வதால் பயன் இல்லை. அது தெரியவந்தால் இருக்கும் நியாயமும் கெடும். ஒருவரே பல கணக்கு வைத்திருந்தால் கணக்குச் சரிபார்ப்போர் தொழில்நுட்பத் தடயங்களைப் பார்ப்பார்கள். அந்தத் தடயங்கள் ஏறக்குறைய 90 நாள்தான் வைக்கப்படும்.

எப்போதாவது வாக்கெடுப்பாலும் முடிந்திருக்கிறது. போலந்தின் கதான்ஸ்க் நகரைக் கதான்ஸ்க் என்பதா, செருமானியப் பெயரான தான்சிக் என்பதா என்ற சண்டை 2005இல் ஆங்கிலத்தில் வாக்கெடுப்புக்குப் போனது. 1308 முதல் 1945 வரையிலான காலத்துக்குத் தான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்று காலவாரியாகப் பிரித்தார்கள். 2012இல் எடுத்த ஒரு முடிவு நமக்கு நெருக்கமானது. இந்திய ஊர்கள், மனிதர்கள் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளின் முதல் வரியில் பெயரைத் தமிழில் எழுதுவதா, தேவநாகரியிலா, உருதுவிலா என்ற ஓயாத சண்டையால், பெரும்பாலான கட்டுரைகளில் இந்திய எழுத்து எதுவுமே வேண்டாம் என்று முடிவானது. ஆங்கிலத்தில் சென்னை கட்டுரையின் முதல் வரியில் தமிழைத் தேடுபவர்களுக்குக் காரணம் இதுதான். யாருக்கும் மகிழ்ச்சி தராத முடிவு; சண்டை மட்டும் நின்றது.

எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கிலத்தில் நடுவர் குழு ஒன்று இருக்கிறது. பலரும் அதை உச்ச நீதிமன்றம் என்று எண்ணுகிறார்கள். கட்டுரையில் எது சரி என்று அது தீர்ப்புச் சொல்லாது. தொகுப்பாளர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மட்டுமே விசாரிக்கும். நடத்தைக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவே உள்ள இந்தக் கோட்டுக்கு மிக அருகே அது போனது போலந்து யூதர் வரலாறு பற்றிய பக்கங்களில். அங்கே உயர்தரக் கல்விசார் வெளியீடுகளையே சான்றாகக் கொள்ள வேண்டும் என்று 2019இல் கட்டுப்பாடு விதித்தது. அப்படியும் சிக்கல் தீராமல் 2023இல் மறுபடி விசாரணை நடந்தது. சான்று கல்விசார்ந்ததாக இருந்தாலும், அதிலிருந்து எந்த வரியை எடுப்பது, எதை விடுவது என்ற தேர்வில் சாய்வு புகுந்துவிடும். அதைப் பிடிக்க, மூல நூலைக் கையில் எடுத்துப் படிக்கும் இன்னொருவர் வேண்டும்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும்

அந்த இன்னொருவர் இல்லாத விக்கிப்பீடியாக்கள்தான் ஆபத்தில் இருக்கின்றன. குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் ஒரு சிறு குழுவினர் நிருவாகப் பொறுப்புகளைப் பிடித்து, எதிர்த்தவர்களைத் தடைசெய்து, பத்தாண்டளவுக்கு இரண்டாம் உலகப் போர் வரலாற்றைத் தேசியவாதச் சாய்வோடு எழுதிவந்தார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அதை விரிவாகச் சொல்கிறது. அங்கே மேற்கோள் இல்லாமல் இல்லை. ஒரே சார்புள்ள வெளியீடுகளே மேற்கோளாக இருந்தன. விதிகள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். அவற்றைச் செயல்படுத்தக் கைகள் வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. நடுவர் குழு கிடையாது. உரையாடல் பக்கத்தில் தீராதது ஆலமரத்தடி என்ற பொது விவாதப் பக்கத்துக்கு வரும். அங்கேயே முடிய வேண்டும். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா, ஊர்ப் பெயரை இலங்கை வழக்கில் ரொறன்ரோ என்பதா, தமிழ்நாட்டு வழக்கில் டொராண்டோ என்பதா போன்ற விவாதங்கள் அங்கே பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. ஒருவரையொருவர் அறிந்த சிறு குழு என்பது வரமும் சிக்கலுமாக இருக்கிறது. பேசித் தீர்க்க எளிது. தெரிந்தவரின் கட்டுரையில் ‘சான்று தேவை’ என்று ஒட்டுவதற்குத்தான் மனம் வராது. ஒட்டத்தான் வேண்டும். அது கட்டுரைக்குப் போடும் குறிப்பு, எழுதியவர் மீதான புகார் கிடையாது.

சான்று கிடைப்பதிலும் தமிழுக்குத் தனித் தொல்லை இருக்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் நாளிதழ்களின் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அந்தக் காலப் பக்கம் இணையக் காப்பகத்தில் இருந்தாலும், திறந்தால் புரியாத குறிகளாகத்தான் தெரியும், தேடுபொறியிலும் அகப்படாது. பிந்தைய செய்திகளும் தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய இணைப்போடு மறைந்துபோகின்றன. மேற்கோள் போடும் அன்றைக்கே பக்கத்தைக் காப்பகத்தில் சேமித்து, அந்த இணைப்பையும் சேர்த்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஐந்து வருடம் கழித்து ஒருவர் அந்தத் தகவலை நீக்க வந்தால் அதுதான் காப்பாற்றும்.

இன்னொரு ஆபத்து வட்டச் சான்று. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், தென்னமெரிக்க விலங்கான கோவாட்டிக்குப் ‘பிரேசில் எறும்புண்ணி’ என்ற பொருளில் தாமே ஒரு பெயரைக் கற்பித்து விக்கிப்பீடியாவில் சேர்த்தார். செய்தித்தாள்கள் அதை எடுத்துப் போட்டன. பிறகு அந்தச் செய்தித்தாள்களே கட்டுரைக்குச் சான்றாயின. 2014இல் உண்மை வெளிவந்தது. தமிழில் ஊர்ப் பெயர்க் காரணங்களும் ஆளுமைகளின் பிறந்த நாள்களும் இப்படிச் சுற்றுவதற்கு மிகவும் வாய்ப்புள்ளவை. தேதியைப் பார்ப்பதே இதற்கு மருந்து: தகவல் கட்டுரைக்குள் எந்த நாள் வந்தது என்பதைப் பக்க வரலாற்றில் கண்டுபிடியுங்கள். சான்று அந்த நாளுக்குப் பிந்தையது என்றால் முந்தைய ஒன்றைத் தேட வேண்டும். விக்கிப்பீடியாவையே அச்சிட்டு விற்கும் நூல்களும் சந்தையில் உண்டு. பதிப்பகத்தின் பெயரைப் பார்க்காமல் நூல் என்பதற்காக ஏற்கக் கூடாது.

சண்டை தளத்துக்குள்ளேயே முடியும் என்ற உறுதியும் இப்போது இல்லை. ஏஎன்ஐ செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் அரசின் பரப்புரைக் கருவி என்று விமர்சிக்கப்பட்டதாக இருந்த பகுதிக்காக, 2024 ஜூலையில் ₹2 கோடி கேட்டு தில்லி உயர் நீதிமன்றத்தில் விக்கிமீடியா அறக்கட்டளை மீது வழக்குப் போட்டது. தொகுத்தவர்களின் விவரங்களும் கேட்கப்பட்டன. வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கம் 2024 அக்டோபரில் நீதிமன்ற ஆணைப்படி மறைக்கப்பட்டது. அந்த ஆணையை 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. சம்பளம் வாங்காமல் எழுதும் தன்னார்வலருக்கு இது பெரிய அச்சம். உயிரோடு இருப்பவர்கள், இயங்கும் நிறுவனங்கள் பற்றிய கடுமையான கூற்று எதுவானாலும், எந்த இதழ், எந்தத் தேதி, என்ன சொல்கிறது என்று வாக்கியத்துக்குள்ளேயே இருப்பது அவருக்கும் பாதுகாப்பு.

ஆகவே உரையாடல் பக்கத்துக்குப் போகிறவர் எதிர்த்தரப்பின் நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். நான்கு வரி போதும். இப்போது கட்டுரையில் இருக்கும் வாக்கியம். சான்றின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண். அந்தப் பக்கத்தில் உள்ள வரி, ஒரு சொல்லும் மாறாமல். அதற்கேற்ப நீங்கள் முன்வைக்கும் புதிய வாக்கியம். சான்று அச்சு நாளிதழாக இருந்தால் பதிப்பையும் சேருங்கள். தமிழ் நாளிதழ்களுக்கு ஊருக்கு ஊர் பதிப்பு உண்டு; மதுரைப் பதிப்பின் 5ஆம் பக்கத்தில் வந்த செய்தி அதே நாளின் சென்னைப் பதிப்பில் 9ஆம் பக்கத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நூலகத்துக்குப் போய்ச் சென்னைப் பதிப்பைப் புரட்டிவிட்டு ‘அப்படியொரு செய்தியே இல்லை’ என்று ஒருவர் நல்ல மனத்தோடு நீக்கிவிடலாம். ‘மதுரைப் பதிப்பு’ என்ற சொல் மேற்கோளில் இருந்தால் அவர் சரியான இதழ்க் கட்டைக் கேட்டு வாங்குவார்.